போகிக்குக் கழித்த பழசு

திருத்தணி ரயிலடிக்குப் பின்னால் உள்ள தெருவில் அனுராதாவிடம் வாய் கொடுத்துத் தப்பியவர்கள் குறைவு. கீரைக்காரி கூடையை இறக்கும்போதே, "இன்னா, கீரைய வித்துகினு வரியா, தண்ணிய வித்துகினு வரியா?" என்பாள். கிருத்திகையன்று வாசலை அடைத்துக்கொண்டு வண்டி நிறுத்தும் வெளியூர்க்காரர்களைத் தமிழில் திட்டத் தொடங்கி, வண்டியில் ஆந்திரா நம்பரைப் பார்த்துவிட்டால் தெலுங்கில் முடிப்பாள். புதிதாய் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலையோடு அவர்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வண்டியை எடுப்பார்கள்.

மனதில் பட்டதை அப்போதே சொல்லிவிடுவதுதான் தன்னுடைய ஒரே நல்ல குணம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். "வயித்துல வச்சினு இருந்தா அல்சர் வரும்" என்பாள். அப்படிப்பட்டவளுக்குத் தை மாதம் பிறந்ததும் வாய் அடைத்துப்போனது.

அவள் புருஷன் சிவப்பிரகாசத்துக்கு வீட்டு முன்னறையில்தான் தொழில். விசைத்தறிச் சேலைகளுக்குக் கரையும் முந்தானையும் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது. அம்மையார்குப்பத்திலிருந்தும் ஆர்.கே.பேட்டையிலிருந்தும் தறி வைத்திருப்பவர்கள் மாதிரித் துணியோடு வருவார்கள். வரைந்த டிசைனைப் பென்டிரைவில் வாங்கிப்போய்த் தறியின் தலைமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் செருகினால், சேலையில் அது பூவாகவும் கொடியாகவும் இறங்கும்.

பேர் சிவப்பிரகாசத்துடையது. வரைகிற கை சுசித்ராவுடையது. சுசித்ரா அவன் தம்பி பெண்டாட்டி, நகரிப் பக்கத்துப் பெண். தம்பி சந்திரமோகன் சென்னையில் கம்பெனி வண்டி ஓட்டுகிறான், லீவு கிடைத்தால் வருவான். கல்யாணமாகி வந்த புதிதில், முன்னறையில் வேலை செய்த ஆள் சண்டை போட்டுக்கொண்டு போய்விட, "நான் பார்க்கட்டுமா பாவா?" என்று சிவப்பிரகாசத்திடம் கேட்டுப் போய் உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவே இல்லை. ஒவ்வொரு புள்ளியாக வைத்துப் பூவைக் கட்டுவாள். சாப்பிடக் கூப்பிட்டால், "இந்த இதழ் ஒண்ணு முடிச்சிட்டு வந்துட்றேன்கா" என்பாள்.

அக்கம்பக்கத்தில் அனுராதா பெருமையாகத்தான் பேசுவாள். "எங்க சுசித்ரா கைய வச்சா கரை கண்ணப் பறிக்கும்." ஆனால் அவள் முன்னறைக்குப் போன நாளிலிருந்து அரைப்பது, அரிவது, துலக்குவது எல்லாம் அனுராதா தலையில் விழுந்தது. அந்த எரிச்சலை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் தொழிலைக் கெடுக்கிறாள் என்று புருஷன் சொல்வான்.

பழைய விண்டோஸுக்கு இனி பராமரிப்பு கிடையாது, புதியதற்கு மாறு என்று கம்ப்யூட்டர் பல மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பொங்கலுக்குத் தறியெல்லாம் நிற்கும், வேலை இருக்காது. போகிக்கு முதல் நாள் சாயங்காலம் சுசித்ரா, "ரொம்ப நாளா கேட்டுனே கீதுக்கா, லீவுல முடிஞ்சிடும்" என்று ஓகே கொடுத்துவிட்டு எழுந்தாள். விடிந்தபோது திரையின் முகமே மாறியிருந்தது.

போகியன்று அனுராதாவைப் பிடிக்க முடியாது. கிழிந்த பாய், ஈயம் போன பாத்திரம், கைப்பிடி உடைந்த துடைப்பம் என்று வீட்டையே வாசலுக்குக் கொண்டுவந்துவிடுவாள். எரிப்பதை எரித்து, கொடுப்பதைக் கொடுத்துவிட்டு முன்னறைக்கு வந்து கம்ப்யூட்டர் மேஜையைத் துடைத்தாள். துணி பட்டு மவுஸ் நகர, திரை விழித்துக்கொண்டது. மூலையில் சிவப்பாக ஒரு எச்சரிக்கை: இடம் இல்லை.

அனுராதாவுக்கு இதெல்லாம் தெரியாதது இல்லை. குடும்பத்தில் எல்லார் போனிலும் குவியும் குட்மார்னிங் படங்களை அவள்தான் கழித்துப் போடுவாள். எச்சரிக்கையை அமுக்கினாள். எதையெல்லாம் தூக்கிப் போடலாம் என்று வரிசையாக வந்தது. இருப்பதிலேயே பெரிய குப்பை 'பிரீவியஸ் விண்டோஸ்' என்று இருந்தது. சீரியலில் முந்தைய எபிசோடு தேடிப் பார்ப்பவளுக்குப் பிரீவியஸ் என்றால் என்னவென்று தெரியாதா? பழசு. புதுசு வந்தாகிவிட்டது. பழசு எதற்கு, அதுவும் போகியும் அதுவுமாக? டிக் அடித்தாள். ஆங்கிலத்தில் என்னவோ நீளமாகக் கேட்டது. போனும் அப்படித்தான் கேட்கும். படிக்காமல் ஓகே என்றாள். கொஞ்ச நேரத்தில் சிவப்பு நீலமானது. பரண் காலியானால் வரும் திருப்தி வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. குப்பை கொட்டியதை யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

காணும் பொங்கல் முடிந்து சுசித்ரா வேலைக்கு உட்கார்ந்தாள். டிசைன் சாஃப்ட்வேர் திறக்கவில்லை. சாவி இல்லை என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். சாவி என்பது கம்ப்யூட்டருக்குப் பின்னால் செருகியிருக்கும் சுண்டுவிரல் நுனியளவு துண்டு. அது இருந்தால்தான் சாஃப்ட்வேர் திறக்கும். சாவி இருந்த இடத்திலேயேதான் இருந்தது. சுசித்ரா பிடுங்கிச் செருகினாள், அணைத்துப் போட்டாள், ஓட்டை மாற்றிச் செருகினாள். மறுபடி மறுபடி அதே வரி. அந்த சாஃப்ட்வேரை விற்ற ஆள் தொழிலை விட்டுப் போய் ரொம்ப நாளாகியிருந்தது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜெயப்பிரகாஷ் வந்தான். அனுராதா காபியோடு முன்னறைக்கு வந்தபோது அவன் சிரித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தான்.

"இது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லண்ணே. புது விண்டோஸ் ஏறும்போது பழசத் தூக்கி எறியாது. ஓரமா மூட்ட கட்டி வச்சிருக்கும். பத்து நாளைக்குள்ள திரும்பிப் போற பட்டன அமுக்கினா பழையபடி ஆயிடும். மெதுவா புதுசுக்கு மாறிக்கலாம்."

மூட்டை என்ற சொல் காதில் விழுந்ததும் அனுராதாவுக்குத் தான் டிக் அடித்த வரி கண்முன் வந்தது. காபியை நீட்டாமல் தட்டோடு நின்றாள்.

அவன் எதையெதையோ அமுக்கினான். சிரிப்பு நின்றது. "இன்னா இது, பட்டனே அமுங்க மாட்டேங்குது. மூட்டையக் காணோமே. யாரனா அழிச்சீங்களா?"

சிவப்பிரகாசம் சுசித்ராவைத்தான் பார்த்தான்.

"நான் இல்ல பாவா. ஓகே குடுத்தது நான்தான். எதையும் அழிக்கல."

"ஓகே குடுத்தவதான அழிச்சிருப்ப? இதத் தொடுறது வேற யாரு, நானா?" அனுராதாவைக் காட்டினான். "இல்ல, இவளா?"

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். ஜெயப்பிரகாஷும் சிரித்தான். அனுராதாவும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் பிறகு அவளைத் தூங்கவிடாமல் செய்தது. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால்கூடப் பயந்துவிட்டேன் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லலாம். சிரித்ததற்கு என்ன சொல்வது?

ஜெயப்பிரகாஷ் நாளை பார்க்கிறேன் என்று போய்விட்டான். கரைக்கு ஆர்டர் கொடுத்திருந்த தறிக்காரர் தணிகாசலம் அம்மையார்குப்பத்திலிருந்து போனில் கத்தினார். "தறியில பாவு நூலு ஏத்தி வச்சினு உக்காந்துகினு கீறேன்பா. முகூர்த்தச் சேலை. உங்க வூட்டுப் பொண்ணு கரைய முடிக்கலன்னா நான் இன்னா வெறும் துணியா நெய்யறது?"

போனை வைத்த கையோடு சிவப்பிரகாசம் முடிவு பண்ணிவிட்டான். ஆர்.கே.பேட்டையில் ஆகாஷ் என்று ஒரு ஆள் டிசைன் போடுகிறான். அவன் வந்து முன்னறையில் உட்காரட்டும். "தெரியாத வேலையில கைய வச்சா இப்படித்தான் ஆவும். நீ உள்ள போய் அக்காவுக்கு ஒத்தாசையா இரு."

சுசித்ரா மேஜைமேல் இருந்த மாதிரித் துணிகளை மடித்து வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

மறுநாள் காலையில் அனுராதாவுக்கு ஒத்தாசை கிடைத்தது. சுசித்ரா கீழே உட்கார்ந்து பீன்ஸ் அரிந்தாள். ஒவ்வொரு துண்டும் ஒரே அளவு, புள்ளி வைத்த மாதிரி. வேறொரு நாளாக இருந்தால், "ஏம்மே, சாம்பாருக்கு அரியச் சொன்னா முந்தானையா வரையற?" என்று கேட்டிருப்பாள். இன்று நாக்கு எழும்பவில்லை.

"இன்னாக்கா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க? பெருசா போச்சா?"

"இல்ல. நல்லாகீது."

சுசித்ரா தலையைத் தூக்கிப் பார்த்தாள். முள் வைக்காத ஒரு சொல்லை அந்த வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை.

சீக்கிரமே வேலையெல்லாம் முடிந்துவிட்டது. மேடை துடைத்தாகிவிட்டது, பாத்திரம் கவிழ்த்தாகிவிட்டது. அனுராதா காலை நீட்டி உட்கார்ந்து டிவியைப் போட்டாள். எவ்வளவு நாளாயிற்று இப்படி உட்கார்ந்து! இடுப்பு வலி இல்லை. சுகமாகத்தான் இருந்தது. சுகமாக இருக்கிறது என்று தெரிந்ததும் தன்மேலேயே அருவருப்பாக வந்தது. அடுத்தவள் கையிலிருந்த வேலையைப் பிடுங்கித் தன் காலுக்குத் தலையணையாக வைத்துக்கொண்ட மாதிரி.

பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த சுசித்ரா மெதுவாகக் கேட்டாள். "யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன்கா. அன்னிக்கு ஓகே குடுக்கும்போது நானே கை தவறி எதையாச்சும் அமுக்கிட்டேனா என்னமோ. பாவா சொல்றது சரியாகூட இருக்கும்."

அனுராதா டிவியை அணைத்தாள். பழியைச் சுமக்கிறாள் என்பது ஒரு பக்கம். பழி தன்னுடையதுதான் என்று அந்தப் பெண்ணே நம்ப ஆரம்பித்துவிட்டாள். இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "பூ வாங்கினு வரேன்" என்று எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

தெருமுனையில் நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். "முருகா, அந்தக் கம்ப்யூட்டரச் சரி பண்ணிக் குடு. படியேறி வந்து கற்பூரம் ஏத்தறேன்." யார் கெடுத்தது என்பதை அவனிடமும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். ஜெயப்பிரகாஷ் கடையில் ஒரு லேப்டாப்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"வேற வழியே இல்லியா ஜெயப்பிரகாஷ்? அது ஓடிட்டா எல்லாம் சரியாப் பூடும்."

"அந்த மூட்ட இருந்திருந்தா உக்காந்த எடத்துல முடிச்சிருப்பேன்கா. எவனோ புண்ணியவான் கழுவி ஊத்திட்டான். அவன் கையில கிடைச்சா ரெண்டு வைக்கணும்."

"ஆங்" என்றாள் அனுராதா. "நல்லா வையி."

சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்றான். பூ வாங்க மறந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள். யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் ஜெயப்பிரகாஷ் வந்து ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தான். சாஃப்ட்வேருக்கு அட்மின் அதிகாரம் கொடுத்துத் திறந்து பார்த்தான். திறக்கவில்லை. பழைய விண்டோஸில் இருப்பதாக அதை நம்பவைக்கும் ஒரு வசதி இருக்கிறதாம், அதைப் போட்டான். ஒரு நிமிஷம் நம்பிய மாதிரி சுற்றிவிட்டு மறுபடி சாவி இல்லை என்றது. சாஃப்ட்வேரை எடுத்துவிட்டுத் திரும்ப ஏற்றினான். அதே வரி. நேரம் பார்த்துத் தணிகாசலமும் பென்டிரைவோடு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கதவோரம் நின்றிருந்த சுசித்ராவுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணா, அந்தச் சாவியில முன்னெல்லாம் பச்ச லைட்டு எரியும். இப்ப எரியல."

"உன்ன யாரும் கேக்கல" என்றான் சிவப்பிரகாசம்.

ஆனால் ஜெயப்பிரகாஷ் குனிந்து பார்த்தான். "ஆமா. நான் சாஃப்ட்வேரையே நோண்டினு இருந்தேன். கோளாறு அங்க இல்ல போல. இந்தச் சாவிய யாருன்னே புது விண்டோஸுக்குத் தெரியல. அறிமுகப்படுத்தி வைக்க ஒரு குட்டி சாஃப்ட்வேர் இருக்கும். பழசுக்குப் போட்டது இதுக்கு ஆவாது." சாஃப்ட்வேர் விற்றவன் போனால் என்ன, சாவி செய்த கம்பெனி இருக்கிறதே என்று அதன் முதுகில் இருந்த பேரை வைத்துத் தேடி, அவர்கள் இணையப் பக்கத்திலிருந்தே புதியதை இறக்கி ஏற்றி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான்.

பச்சை விளக்கு எரிந்தது. சாஃப்ட்வேர் திறந்தது. தணிகாசலத்தின் கரை பாதியில் நின்ற இடத்தில் அப்படியே நின்றது, ஒரு இதழ் முடியாமல்.

"அப்பாடா" என்றார் தணிகாசலம். அனுராதா மலை இருந்த திக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தப்பித்தாகிவிட்டது. இனிமேல் எவன் மூட்டையைத் தேடப்போகிறான்?

சுசித்ரா ஓர் அடி எடுத்து வைத்தாள். கை தானாக நாற்காலியின் முதுகைத் தொட்டது.

"நீ இருமா" என்றான் சிவப்பிரகாசம். "ஆகாஷுக்குச் சொல்லிட்டேன். வர வெள்ளிக்கெழம வந்து உக்காருவான். அதுவரைக்கும் யாரும் இதத் தொடவேணாம்."

நாற்காலியிலிருந்து சுசித்ரா கையை எடுத்துக்கொண்டாள். தப்புப் பண்ணியவள் எடுக்கிற மாதிரியே எடுத்தாள்.

"அத அழிச்சது நான்" என்றாள் அனுராதா.

எல்லாரும் திரும்பினார்கள்.

"எத?" என்றான் சிவப்பிரகாசம்.

"அந்த மூட்டைய. போகி அன்னிக்கு. அவ இல்ல."

சிவப்பிரகாசம் சிரித்தான். "ஓரகத்திக்கு வக்காலத்து வாங்கறியா? உனக்கு இன்னாமே தெரியும் கம்ப்யூட்டர்ல? துடைக்கத்தான் தெரியும்."

"தெரிஞ்சிதான் அழிச்சேன்."

"போம்மே, போய் எல்லாருக்கும் காபி போடு."

அனுராதா மேஜைக்குப் போனாள். "ஏந்திரி ஜெயப்பிரகாஷ்." அவன் எழுந்தான். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மவுஸைப் பிடித்தாள். "இங்க செவப்பா வந்துச்சி. இத அமுக்கினேன். தோ, இந்த மாதிரி லிஸ்ட்டு வந்துச்சி. இந்த எடத்துலதான் பிரீவியஸ்னு இருந்துச்சி, இப்ப இல்ல. டிக்கு போட்டேன். இன்னாவோ கேட்டுச்சி, படிக்கல. ஓகே போட்டேன்." செய்த குற்றத்தை நிரூபிக்க இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

ஜெயப்பிரகாஷ் தொண்டையைச் செருமிக்கொண்டான். "இதே வழிதாண்ணே."

தணிகாசலம் தொடையில் தட்டிச் சிரித்தார். "போகிக்குக் கம்ப்யூட்டரையே கொளுத்திட்டியாமா நீ!" சிவப்பிரகாசத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்கா இம்மாம் பெரிய மூஞ்சிய வச்சினு இருந்த? சரி வுடு. வூட்ட சுத்தம் பண்ண, அதுல இதுவும் பூடுச்சி."

திட்டினாலும் தாங்கியிருப்பாள். இந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"இன்னா சிரிப்பு? அவ பண்ணான்னு நெனச்சப்ப எங்க பூடுச்சி இந்தச் சிரிப்பு? அவள எழுப்பி உள்ள தள்ளிட்டு வெளியாளக் கூப்பிட்ட. நான் பண்ணேன்னதும் சுத்தம் பண்ணான்ற. என்னையும் தள்ளு பார்க்கலாம். எங்க தள்ளுவ, நான்தான் ஏற்கெனவே உள்ள கீறேனே! விளக்கு எரியலன்னு சொன்னது யாரு, உன் ஆகாஷா? போன் போடு. இப்பவே போடு. வரவேணாம்னு சொல்லு."

தணிகாசலம் பென்டிரைவை மேஜைமேல் வைத்தார். "எனக்கு இந்தப் பொண்ணு முடிச்ச கரைதான்பா வோணும். இன்னொருத்தன் கைய வச்சா இதழு ஒண்ணு ஒருமாதிரி நிக்கும்."

சிவப்பிரகாசம் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். ஜெயப்பிரகாஷ் கிளம்பும்போது அனுராதா வழிமறித்தாள். "ரெண்டு வைக்கணும்னியே." அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "வுடுங்கக்கா" என்று வண்டியை எடுத்தான்.

அனுராதா உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். பின்னாலேயே சுசித்ரா வந்தாள். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்து, அதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல அனுராதா வாயைத் தயாராக வைத்திருந்தாள்.

"அன்னிக்கு முன்னறையில பாவா உங்களக் காட்டிச் சிரிச்சாரு. நீங்களும் சிரிச்சீங்க" என்றாள் சுசித்ரா. அழவில்லை. "நான் கை தவறி அமுக்கிட்டேனோன்னு உங்ககிட்டதான் கேட்டேன். கீரைக்காரிகிட்டல்லாம் பேசற வாய எங்கக்கா வச்சினு இருந்தீங்க?"

பால் பொங்கி மேடையில் வழிந்தது. அனுராதா அடுப்பை அணைத்தாள். சொல்ல எவ்வளவோ இருந்தது. பயம், வெட்கம், ஒத்தாசைக்கு ஆள் கிடைத்த சுகம். கடைசியில் வாயில் வந்தது ஒரே சொல்தான், அது போதாது என்று அவளுக்கே தெரிந்தது.

"தப்புதான்மா."

சுசித்ரா தலையாட்டினாள். மன்னித்த தலையாட்டலா, கேட்டுக்கொண்ட தலையாட்டலா என்று தெரியவில்லை. முன்னறைக்குப் போய் உட்கார்ந்தாள். சாயங்காலத்துக்குள் அந்த இதழ் முடிந்துவிட்டது. தணிகாசலம் கடைசி பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் கிடைத்த ஆட்டோவில் போனார்.

வீடு பழையபடி ஆனது. அரைப்பதும் அரிவதும் துலக்குவதும் அனுராதாவுடையது. இடுப்பு வலித்தது. கீரைக்காரி வந்தாள், அனுராதா திட்டினாள், ஆனால் பாதியில் நிறுத்திக்கொண்டு உள்ளே போனதைக் கீரைக்காரியே அதிசயமாகப் பார்த்தாள். ஒரு காலையில் படியேறிப்போய்க் கற்பூரமும் ஏற்றினாள். அப்போதுதான் முருகனிடம் முழுசாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும்போது முன்னறைக்கு வந்தாள். சுசித்ரா குளித்துக்கொண்டிருந்தாள். மேஜையைத் துடைக்கையில் துணி பட்டு மவுஸ் நகர்ந்தது. திரை விழித்தது. முன்பெல்லாம் நேராகத் திறந்துவிடும் அது இப்போது பாஸ்வேர்டு கேட்டு நின்றது.

குளியலறையிலிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கூப்பிட்டுக் கேட்டால் சொன்னாலும் சொல்லிவிடுவாள். அனுராதா கேட்கவில்லை. திரை தானாக அணையும்வரை நின்றாள். பிறகு அதில் படிந்திருந்த தூசியைத் துடைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.